எழுபது நிமிடத்தில் ஒரு முழுப்படம்



நல்ல படங்களைத் தேடிக் கொண்டுவந்து ஊராருக்குக் காட்டுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்த ஒருவர் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. அந்தப் பணிக்குப் பொருத்தமாக, திரைப்பட ரசிகர்கள் மிகவும் நேசிக்கும், ஆனால் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு வகைப் படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். குறும்படங்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒரு முழுக் கதையை, முழு வாழ்க்கையை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்திலோ, அதற்குச் சற்று மேலோ சொல்லி முடித்துவிடும் முழுநீளப் படங்களைப் பற்றியே பேசுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய படங்கள் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன என்பதற்காக ரசிகர்கள் அவற்றை நாடுவதில்லை. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை முழுதாக மனத்தில் நிற்கக்கூடியவை என்பதாலேயே நாடுகிறார்கள். அப்படி நின்ற ஒரு படம், மற்ற எல்லாப் படங்களையும் பார்க்கும் கண்ணை நமக்குத் தருகிறது.

1. அடிக்கணக்கு

படம் ஃபிலிமில் ஓடிய காலத்தில் நீளத்தை அடியில்தான் சொன்னார்கள். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள்; நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று 11 நிமிடம் ஓடும். ஆக, 70 நிமிடப் படம் என்பது 6,300 அடி, ஏழு ரீலுக்குள் அடங்கிவிடும். ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்கத் திரைப்பட அகாதெமி 40 நிமிடத்தைத் தாண்டிய எதையும் முழுநீளப் படம் என்றே ஏற்றுக்கொள்கிறது.

நம் நாட்டுக் கணக்கு வேறு. இரண்டாம் உலகப் போரின்போது கச்சா ஃபிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. அன்றைய அரசு எந்தப் படமும் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. 11,000 அடி என்றால் இரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகம். பற்றாக்குறைக் காலத்திலும் நமக்கு இரண்டு மணி நேரம் வேண்டியிருந்தது! பாட்டு, நகைச்சுவை, கிளைக்கதை என்று ஒரு முழு மாலைப் பொழுதையும் நிறைக்கும் கலையாகவே நம் சினிமா வளர்ந்தது. அந்த மரபில் குறை காண நான் வரவில்லை. அதே ஆண்டுகளில் உலகின் இன்னொரு மூலையில் 70 நிமிடத்துக்குள் என்ன செய்தார்கள் என்பதைக் காட்டவே வந்திருக்கிறேன்.

2. இரண்டாம் படத்தின் பிறப்பு

1930-களில் அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் பிடித்திருந்தது. கொட்டகைக்குக் கூட்டம் சேர்க்க ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கம் பரவியது. முதல் படத்தில் நட்சத்திரங்கள் இருப்பார்கள். அதற்குத் துணையாகப் போகும் இரண்டாம் படம் குறைந்த செலவில் எடுத்தது. ஒரு மணி நேரத்தை ஒட்டியே ஓடும். முதல் படத்துக்கு வசூலில் பங்கு கிடைக்கும். இரண்டாம் படத்துக்குப் பெரும்பாலும் ஒரு நிலையான வாடகைதான். எவ்வளவு கூட்டம் வந்தாலும் அதன் வருமானம் ஏறாது என்பதால், அதை எடுக்கிறவர்கள் செலவிலும் நிமிடத்திலும் இறுக்கிப் பிடித்தார்கள்.

அந்த இறுக்கத்துக்குள்தான் சில கலைஞர்கள் தங்கள் சுதந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆர்.கே.ஓ. நிறுவனம் 1942-இல் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் ஒரு திகில் படப் பிரிவை ஒப்படைத்தது. அவருக்கு மூன்று நிபந்தனைகள். ஒவ்வொரு படமும் 1,50,000 டாலருக்குள் முடிய வேண்டும். 75 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. படத்தின் பெயரை நிறுவனமே சொல்லும். இந்த மூன்றுக்கும் உட்பட்டால் மற்றது அவர் விருப்பம். 1946-க்குள் லூட்டன் 9 திகில் படங்களைத் தந்தார். முதல் படம் 'கேட் பீப்பிள்'. இயக்கம் ழாக் தூர்னர், ஒளிப்பதிவு நிக்கோலஸ் முசுராகா, ஓடும் நேரம் 73 நிமிடம். மனக்கொந்தளிப்பு வந்தால் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று அஞ்சும் ஒரு பெண்ணின் கதை அது.

அதில் ஒரு காட்சியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். இரவு நேரம். பூங்காவின் மதிலோரமாக ஆலிஸ் என்ற பெண் தனியே நடந்து போகிறாள். தெருவிளக்குகளுக்கு அடியில் மட்டும் வெளிச்சம், நடுவில் இருட்டு. அவள் பின்னால், சிறுத்தையாக மாற அஞ்சும் அந்தப் பெண் வருகிறாள். பின்னணி இசை கிடையாது. இரண்டு பெண்களின் குதிகால் ஓசை மட்டும் மாறி மாறிக் கேட்கிறது. ஒரு கட்டத்தில் பின்னால் வந்த ஓசை நின்றுவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடையை எட்டிப் போடுகிறாள், பிறகு ஓடுகிறாள். ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மிருகம் சீறுவது போல ஒரு சத்தம். திரையின் ஓரத்திலிருந்து ஒரு பேருந்து பாய்ந்து வந்து நிற்கிறது. நாம் கேட்டது அதன் பிரேக் சத்தம்.

இந்தக் காட்சியில் சிறுத்தை இல்லை. சிறுத்தையைக் காட்டப் பணமும் போதாது, நேரமும் போதாது. ஆகவே தூர்னரும் படத்தொகுப்பாளர் மார்க் ராப்சனும் காலடி ஓசையைக் கொண்டே அதை நம் மனத்தில் எழுப்பினார்கள். பயத்தை ஏற்றிக் கடைசியில் தீங்கில்லாத ஒன்றால் திடுக்கிடவைக்கும் இந்த உத்தியைத் திகில் படம் எடுப்பவர்கள் இன்றும் 'லூட்டன் பஸ்' என்றே அழைக்கிறார்கள். திரையில் இல்லாததைப் பார்வையாளர் தாமே நிரப்பிக்கொள்கிறார்; அப்படி நிரப்பியது மறப்பதில்லை.

இதே வகையில், 1945-இல் வந்த எட்கர் உல்மரின் 'டீட்டூர்' படமும் 70 நிமிடத்துக்கு உட்பட்டதுதான். நியூயார்க் தெருவுக்குச் செட் போட வசதியில்லாமல் பனிமூட்டத்தை நிரப்பி ஒரு காதல் ஜோடியை நடக்கவிட்டார். அந்த மூட்டமே கதாநாயகனின் தலைவிதி போலப் படம் முழுதும் கூட வருகிறது. எளிய இரண்டாம் படமாக வந்த அதனை 1992-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கத் தேர்ந்தெடுத்தார்கள்.

3. ஈரானில் ஒரு சிறுவன்

செலவுக் குறைப்பு மட்டுமே சிறிய படத்தைப் பிறப்பிப்பதில்லை. ஈரானில் 'கானூன்' என்று அழைக்கப்பட்ட சிறுவர், இளையோர் அறிவு வளர்ச்சி நிறுவனத்தில் அப்பாஸ் கியாரோஸ்தமி தம் திரைவாழ்வைத் தொடங்கினார். அங்கே அவர் 1974-இல் எடுத்த படம் 'பயணி'. ஏறத்தாழ 70 நிமிடம்.

சிற்றூரில் காசிம் என்ற சிறுவன். கால்பந்துப் பைத்தியம். தெஹ்ரானில் நடக்கும் ஒரு போட்டியை எப்படியாவது பார்த்துவிட வேண்டும், கையில் காசில்லை. பழைய கேமரா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளைப் படம் பிடித்துத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குகிறான். கேமராவுக்குள் ஃபிலிம் இல்லை. சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சட்டையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக வந்து நிற்கிறார்கள். அவன் கேமராவைக் கண்ணில் வைத்து மும்முரமாகச் சொடுக்குகிறான். இந்தக் காட்சியை கியாரோஸ்தமி அவசரப்படாமல், ஒவ்வொரு முகமாகக் காட்டுகிறார். மொத்தப் படமே 70 நிமிடம் என்றாலும் இந்த முகங்களுக்கு அவரிடம் நேரம் இருக்கிறது. சிறிய படம் என்றால் வேகமான படம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும்.

காசிம் இரவு முழுதும் பேருந்தில் பயணம் செய்து தெஹ்ரான் போய்ச் சேர்கிறான். டிக்கெட்டும் கிடைத்துவிடுகிறது. ஆட்டம் தொடங்க நேரம் இருக்கிறது என்று வெளியே சுற்றிவிட்டுக் களைப்பில் புல்வெளியில் படுத்துத் தூங்கிப்போகிறான். விழித்து ஓடிவந்து பார்த்தால் மைதானம் காலி. அதோடு படம் முடிந்துவிடுகிறது. அவன் அழுதானா, ஊருக்குத் திரும்பி அடி வாங்கினானா என்று இயக்குநர் சொல்வதில்லை. ஏமாற்றியவன் ஏமாந்தான் என்று நீதி சொல்வதுமில்லை. அந்தக் கணக்கை நம்மிடம் விட்டுவிட்டுப் போகிறார்.

4. நம் மண்ணில்

தமிழிலும் இதற்கு இணையான ஒரு படம் உண்டு. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்', 75 நிமிடம். 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் உயரிய பரிசான டைகர் விருதைப் பெற்றது. அவ்வாண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது.

மதுரைப் பக்கத்து வறண்ட நிலம். குடிகாரத் தகப்பன் பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்துவரக் கிளம்புகிறான். திரும்பும் வழியில் இருவரும் கொதிக்கும் வெயிலில் நடக்க நேர்கிறது. கதை என்று சொன்னால் இவ்வளவுதான். பையன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து வைக்கும் இடத்தில் ஏற்கெனவே அது போன்ற கற்கள் குவிந்திருக்கின்றன. இந்த நடை அவனுக்குப் புதிதில்லை என்று வசனம் எழுதியிருந்தால் ஒரு பக்கம் ஆகியிருக்கும். இங்கே ஒரே ஷாட்டில் ஒரு குழந்தையின் பல ஆண்டு வாழ்க்கை நமக்குத் தெரிந்துவிடுகிறது. இதுதான் சுருக்கத்தின் வலிமை. சிறிய படத்தில் ஒரு பொருள் ஒருமுறை வந்தாலே அதற்குப் பெரும் எடை ஏறிவிடுகிறது.

5. ரசிகருக்குக் கிடைப்பது

இப்போது ரசிகரின் பக்கம் வருகிறேன். மூன்று மணி நேரப் படம் பார்த்துவிட்டு வரும்போது நமக்குச் சில காட்சிகளும், பாட்டும், மொத்தமாக ஓர் உணர்ச்சியும் நினைவில் இருக்கும். நடுப்பகுதி கலங்கித்தான் இருக்கும். எழுபது நிமிடப் படம் அப்படியல்ல. பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து போகும் வழியிலேயே அதை வரிசைப்படி நினைவுகூர முடியும். எந்தக் காட்சிக்குப் பின் எது வந்தது, முதல் காட்சியில் வந்த பொருள் எங்கே திரும்ப வந்தது, கேமரா எப்போது விலகி நின்றது என்றெல்லாம் சொல்ல முடியும். நாலடி வெண்பா சிறியது என்பதால்தான் அது நமக்கு மனப்பாடமாகிறது. மனப்பாடமானதால்தான் அதன் ஓசையும் கட்டும் நமக்குப் பிடிபடுகின்றன. படத்துக்கும் அதுவே பொருந்தும்.

மறுபடி பார்ப்பதும் எளிது. முதல் முறை கதைக்காகப் பார்க்கிறோம். இரண்டாம் முறை அது செய்யப்பட்ட விதத்தைப் பார்க்கிறோம். ரசிகர் என்பவர் பிறப்பது இந்த இரண்டாம் முறையில்தான் என்று நான் நம்புகிறேன்.

படம் எடுக்க விரும்பும் இளைஞர்களுக்கும் இதில் ஒரு வழி திறக்கிறது. கிறிஸ்டோபர் நோலனின் முதல் படமான 'ஃபாலோயிங்' (1998) 70 நிமிடத்தை எட்டாத கறுப்பு வெள்ளைப் படம். எல்லாருக்கும் வேலை இருந்ததால் வார இறுதிகளில் மட்டும் படப்பிடிப்பு. ஓராண்டு அளவுக்கு நீண்டது. ஃபிலிமை மிச்சப்படுத்த, நாடகம் போல ஒத்திகை பார்த்துவிட்டு ஓரிரு டேக்கில் முடித்தார்கள். வசதி வரும்வரை காத்திருந்தால் அந்தப் படம் வந்திருக்காது.

பொருளாதாரக் கட்டாயம் எதுவும் இல்லாதபோதும் தேர்ந்த கலைஞர்கள் இந்த அளவைத் தேர்கிறார்கள். பிரெஞ்சு இயக்குநர் செலின் சியாமாவின் 'பெத்தித் மமா' (2021) 72 நிமிடம். இறந்துபோன பாட்டியின் வீட்டுக்கு வந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் அம்மாவைத் தன் வயதுச் சிறுமியாகவே காட்டில் சந்திக்கிறாள். அது எப்படி நடந்தது என்று படம் விளக்குவதே இல்லை. விளக்கத் தொடங்கியிருந்தால் இன்னும் அரை மணி நேரம் போயிருக்கும். அந்த மாயமும் போயிருக்கும்.

6. எதிர்வாதம்

மறுப்பவர்கள் சொல்வதையும் மதித்துக் கேட்க வேண்டும். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துக் குடும்பத்தோடு வருகிறவர் ஒரு மணி நேரத்தில் வெளியே வர விரும்புவாரா? இடைவேளையில்தான் சிற்றுண்டிக் கடைக்கு வியாபாரம்; இடைவேளை விடமுடியாத படத்தைக் கொட்டகைக்காரர் ஏன் போட வேண்டும்? நியாயமான கேள்விகள்தான். சத்யஜித் ராய்கூட 1965-இல் 65 நிமிட 'மகாபுருஷ்' படத்தை 'காபுருஷ்' என்ற இன்னொரு படத்தோடு சேர்த்தே வெளியிட்டார். 'கூழாங்கல்' 2023-இல் இணையத் திரை வழியாகத்தான் பொதுமக்களை அடைந்தது.

நீளமான படங்கள் மட்டமானவை என்றும் நான் சொல்லவில்லை. சில கதைகளுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். நான் கேட்பதெல்லாம், 70 நிமிடம் போதுமான கதையைச் சந்தைக்காக இரண்டரை மணி நேரத்துக்கு இழுக்க வேண்டிய நிலை மாற வேண்டும் என்பதே. வணிகக் கொட்டகையால் அது இன்று முடியவில்லை என்றால், முடிகிற இடம் ஒன்று இருக்கிறது. அது திரைப்படக் கழகம்.

7. ஒரு வேண்டுகோள்

ஆகவே இந்த அவையில் ஒரு திட்டத்தை முன்வைக்கிறேன். மாதம் ஒரு மாலையை எழுபது நிமிடப் படத்துக்கு ஒதுக்குங்கள். மாலை ஐந்தரைக்குப் படத்தைப் போடுங்கள். ஆறே முக்காலுக்கு விளக்கைப் போட்டு அரை மணி நேரம் பேசுங்கள். அறிஞர் உரை வேண்டாம், வந்தவர்கள் பேசட்டும். அந்தச் சிறுவன் கேமராவைச் சொடுக்கியபோது எத்தனை முகங்கள் வந்தன, காலடி ஓசை எந்த இடத்தில் நின்றது என்று விவாதிக்கட்டும். பிறகு அதே படத்தை மறுபடி ஓட்டுங்கள். எட்டரை மணிக்கு எல்லாரும் கடைசிப் பேருந்தைப் பிடித்து வீடு போய்ச் சேரலாம்.

ஒரே மாலையில் இரு முறை பார்த்து, நடுவில் வாதாடிய படம் யாருக்கும் மறக்காது. ஓர் ஆண்டில் பன்னிரண்டு படங்கள் அப்படிப் பழகினால், இந்த ஊரில் படம் பார்க்கத் தெரிந்த ஒரு தலைமுறை உருவாகும். அவர்களில் ஒருவர் நாளை தம் கதைக்கு எத்தனை நிமிடம் வேண்டுமோ அத்தனை நிமிடம் மட்டும் எடுத்துப் படம் செய்வார். முதல் மாலைக்கு எந்தப் படம் என்று கேட்டால் 'பயணி' என்பேன். தேதியை இங்கிருக்கும் கழகச் செயலாளர் இன்றே அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.