அலைமீது ஏறும் எலெக்ட்ரான்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசைக்கும் நாடகத்துக்கும் உரிய இம்மேடையில் விஞ்ஞானத்துக்கும் சிறிது நேரம் அளித்தமைக்கு நன்றி. எலெக்ட்ரான் என்னும் நுண்துகள் லேசர் ஒளியின் துணையால் பேராற்றல் பெறுவது எங்ஙனம் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

எலெக்ட்ரானை விரைவாக்கும் இயந்திரங்கள் நமக்குப் புதியன அல்ல. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளிக்கும் மருத்துவக் கருவியினுள்ளும் அத்தகைய சிற்றியந்திரம் ஒன்று உண்டு. ஆனால் ஆற்றல் மிக மிக, நீளமும் மிகும். அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் 1966-இல் இயங்கத் தொடங்கிய இயந்திரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுடையது. காரணம் யாது? உலோகக் குழாயினுள் மின்புலத்தை ஓர் அளவுக்குமேல் உயர்த்தினால் தீப்பொறி பறந்து உலோகம் பழுதுறும். ஆகவே மின்புலத்தை மட்டுப்படுத்தி, நீளத்தைக் கூட்டினர்.

1979-இல் தஜிமா, டாசன் என்னும் அறிஞர் இருவர் வேறொரு வழி காட்டினர். அணுக்கள் சிதைந்து, எலெக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியே உலவும் நிலையே பிளாஸ்மா. முன்னரே உடைந்துவிட்டதை மின்புலம் மேலும் உடைப்பது எங்ஙனம்? உலோகம் தாங்குவதைப்போல் ஆயிரம் மடங்கு மின்புலத்தைப் பிளாஸ்மா தாங்கும்!

ஒரு நொடியைக் கோடி கோடிக் கூறாக்கினால், அவற்றுள் சில கூறுகளே நீடிக்கும் லேசர்த் துடிப்பை வாயுவினுள் செலுத்துகின்றனர். வாயு பிளாஸ்மாவாகிறது. ஒளியின் அழுத்தம் எலெக்ட்ரான்களை விலக்குகிறது. கனமான அயனிகளோ அசையாது நிற்கின்றன. விலகிய எலெக்ட்ரான்களை அயனிகள் திரும்ப ஈர்க்க, அவை இலக்கைக் கடந்து ஓடி மீண்டும் மீள்கின்றன. இவ்வாறு எழும் அலை, படகின் பின்னே நீரலை தொடர்வதுபோல், ஒளியைத் தொடர்ந்து விரைகிறது.

நம் கடற்கரையில் கட்டுமரம் கரையேறுவதைக் கண்டிருப்பீர்கள். தக்க அலை வரும்வரை மீனவர் காத்திருந்து, அது நெருங்குங்கால் விரைந்து துடுப்பிடுவர். வேகம் ஒத்தால் அலையே கட்டுமரத்தைச் சுமந்து வரும். பின்தங்கினால் அலை கடந்துபோகும். எலெக்ட்ரானின் கதையும் இதுவே. ஆனால் ஒன்று: அலையை மிஞ்சி முன்னே ஓடிவிடும் எலெக்ட்ரான், பெற்ற ஆற்றலை இழக்கத் தொடங்கும்.

இதற்கு வேண்டிய வலிய லேசருக்கு வழிவகுத்த முறையை 1985-இல் கண்டோர் மூரூ, ஸ்ட்ரிக்லாண்ட் ஆகியோர். 2018-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். 2019-இல் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார், 20 சென்டிமீட்டர் தொலைவிலேயே எலெக்ட்ரான்களுக்கு 780 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் ஊட்டியதாக அறிவித்தனர். நம் நாட்டிலும் இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்திலும் மும்பையின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலும் வலிய லேசர்களைக்கொண்டு பிளாஸ்மா ஆய்வுகள் நடந்துள்ளன.

எனினும் பணி முற்றுப்பெறவில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே சீரான கற்றையைப் பெறுதல் இன்னும் அரிதே. அச்சீர்மை கைகூடினால், பெருங்கூடம் வேண்டும் கருவிகள் சிற்றறைகளில் அடங்கும். சிறு நகரத்து மருத்துவமனைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அவை எட்டக்கூடும்.

அப்பணியில் நம் காலனிக் குழந்தைகளும் பங்கேற்க வேண்டாமா? பள்ளியில் அவர்கள் வேற்று மொழியில் விஞ்ஞானம் பயில்கின்றனர்; வீட்டிலோ தமிழ் அடுக்களையோடும் பண்டிகையோடும் நின்றுவிடுகிறது. கற்றதைத் தமிழிலும் சொல்லச் சொல்லிக் கேட்போம். தாய்மொழியில் விளக்கத் தெரிந்த பொருளே தெளிவாய் விளங்கிய பொருள்.