கணக்கிற்கு வழி ஒன்றோ?
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் பிள்ளைகளின் கல்வி அபிவிருத்தியைக் குறித்துச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கல்வி பெருங்கடலாதலின், அதில் கணக்கு என்னும் ஒரு துறையையே யாம் எடுத்துக்கொண்டோம். ஒரு கணக்கைப் பல வழிகளிற் செய்யப் பிள்ளைகளைப் பழக்குதல் வேண்டும் என்பதே யாம் கூற விழைவது.

ஓர் உதாரணம் காட்டுவோம். ஒரு பட்டியில் ஆடுகளும் கோழிகளும் உள்ளன. தலைகள் 20, கால்கள் 56. ஆடு எத்தனை, கோழி எத்தனை?

ஒரு மாணவன் யாவும் கோழிகளே என்று வைத்துக்கொள்கிறான். அங்ஙனமாயின் கால்கள் 40. மிகுந்த 16 கால்களும் ஆட்டுக்கு இரண்டு வீதம் உரியவை. ஆகவே ஆடு 8, கோழி 12. ஒரு மாணவி ஆடு 10, கோழி 10 என்று தொடங்கி, கால்கள் 60 ஆதல் கண்டு, இரண்டு ஆடுகளைக் கோழிகளாக மாற்றி அவ்விடையையே அடைகிறாள். மற்றொருவன் கால்களைப் பாதியாக்கி 28 என்று கொண்டு, அதில் 20 தலைகளைக் கழித்து, ஆடு 8 என்கிறான். பாதியாக்கிய பின் கோழிக்கு ஒரு காலும் ஆட்டுக்கு இரு கால்களும் நிற்றலின், தலைத்தொகைக்கு மேல் மிகுவது ஆட்டின் தொகையே அன்றோ? மேல் வகுப்பு மாணவன் இயற்கணித முறையில் இரு சமன்பாடுகள் அமைத்து முடிப்பான்.

விடை ஒன்றே. ஆயினும் இவ்வழிகளை ஒருங்கு வைத்து ஒப்பிடும் பிள்ளைக்கே கணக்கின் உட்பொருள் விளங்கும். ஒரு வழி மறந்துழி மற்றொன்று கைகொடுக்கும். ஒன்றால் வந்த விடையை மற்றொன்றாற் சோதிக்கவும் இயலும்.

இது நமக்குப் புதிதன்று. 98 ரூபாய் விலையுள்ள பொருள் ஏழு வாங்கினால், நம் மூதாட்டியர் தாளும் எழுதுகோலும் தேடார். 700இல் 14 போக 686 என்பர். கணக்குகளைத் தீர்க்கும் முறை பற்றி 1945இல் நூல் வெளியிட்ட ஜார்ஜ் போல்யா என்னும் பேரறிஞரும், விடை கண்டபின் அதனை வேறு வழியிற் பெறக்கூடுமோ என்று திரும்பி நோக்குமாறு அறிவுறுத்தினார்.

இங்கு எம் குற்றம் ஒன்றையும் மறையாது கூறுகின்றோம். எம் இல்லத்துச் சிறுவன் ஒருவன் சரியான விடையைத் தன் வழியிற் கண்டான். கரும்பலகையில் எழுதிய வழி அன்று என்று பள்ளியில் மதிப்பெண் குறைத்தனர். அவன் எம்மிடம் முறையிட்டபோது, எப்படிச் செய்தாய் என்று யாமும் கேட்டோமில்லை, அவனையே கடிந்தோம். அதன்பின் அவன் கணக்கைத் தானே சிந்திப்பதை விட்டான், மனப்பாடம் செய்தான், நாளடைவில் அதனை வெறுத்தான். அவ்வறிவு மழுங்கியதற்கு யாமும் காரணரானோம்.

வாய்பாடு வேண்டா என்று யாம் கூறவில்லை. முதலில் ஒரு வழி திண்ணமாகப் படிதல் வேண்டும். பின்னரே இரண்டாவதும் மூன்றாவதும். வகுப்பில் மாணாக்கர் பலராதலின், ஆசிரியர்க்கு நேரம் குறைவு என்பதையும் அறிவோம். ஆதலின் இப்பணியிற் பாதி பெற்றோராகிய நம்முடையது.

இன்றிரவு உங்கள் பிள்ளை கணக்குச் செய்து முடித்ததும், விடை சரியா என்று மட்டும் கேளாதீர்கள். எப்படிச் செய்தாய், வேறு வழி உண்டா என்று அருகமர்ந்து கேளுங்கள். அதற்குப் பொருட்செலவு இல்லை. பெற்றோர் படித்தவராயிருத்தலும் வேண்டுவதில்லை. பொறுமையொன்றே போதும். அதனை நம் இல்லங்கள்தோறும் மேற்கொள்வோமாக!