இஞ்சி முன்னே, சர்க்கரை பின்னே

பொங்கல் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தோடு சேர்த்து இஞ்சிக் கொத்தும் கட்டுகிறோமே, பண்டிகை முடிந்ததும் அதை என்ன செய்கிறோம்? பல வீடுகளில் இரண்டு நாள் கொல்லைப்புறத்தில் கிடந்து வாடி, குப்பைக்குப் போய்விடுகிறது. இலையும் தண்டுமாக, மண் ஒட்டியபடி வருகிற அந்தக் கொத்துதான் அந்த வருஷத்துப் புது இஞ்சி. சித்திரை, வைகாசியில் ஊன்றிய இஞ்சியை ஆறு மாதம் போனால் பச்சை இஞ்சியாகத் தோண்டலாம். சுக்கு போடுவதென்றால் எட்டு மாதமாவது மண்ணுக்குள் இருக்கவேண்டும். அதனால் தை, மாசி மாதங்களில் வயநாடு, குடகு, நம் கூடலூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் இஞ்சி வரத்து நன்றாக இருக்கும். வீட்டில் இஞ்சிப் பாகு காய்ச்சி பாட்டிலில் ஊற்றி வைக்க ஏற்ற காலம் அது. கோடை வந்தபின் நினைத்துக்கொண்டு கடைக்கு ஓடுவதைவிட அப்போதே செய்துவிடலாம்.

இஞ்சிப் பாகு என்றதும் பலரும் முதலில் சர்க்கரையைத்தான் அளக்கிறார்கள். பாகில் சர்க்கரை வாசல் காவலாள், வீட்டுக்காரர் இஞ்சிதான். இஞ்சி போதுமான காரத்தோடு இருந்தால் ஒரு தேக்கரண்டிப் பாகு ஒரு டம்ளர் தண்ணீருக்கு ருசி கொடுத்துவிடும். இஞ்சி நீர்த்துப் போயிருந்தால் ருசி வேண்டி மூன்று நான்கு கரண்டி ஊற்றுவோம். கூடுதலாக உள்ளே போவது சர்க்கரை மட்டுமே. ஆகவே இன்று நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி, இஞ்சியின் காரத்தைப் பாகு வரைக்கும் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான்.

வாங்கும்போது ஒரு விரலை ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்து, ஒடிந்த இடத்தில் சாறு துளிர்க்கவேண்டும். நுனியில் ரோஜா நிறம் மாறாத இளம் இஞ்சி ஊறுகாய்க்கு அருமை. பாகுக்கு அதில் காரம் போதாது. நார் நாராக இழுக்கிற முற்றலில் காரம் உண்டு, சாறு குறைவு. இரண்டுக்கும் நடுவில், நகத்தால் கீறினால் தோல் சுலபமாக உரிகிற இஞ்சியாகப் பாருங்கள். பொங்கல் கொத்தில் கிழங்கு சிறிதாக இருந்தால், அதையும் கடை இஞ்சியோடு சேர்த்துக்கொள்ளலாம். கணுக்களை ஒடித்துப் பிரித்த பிறகு கழுவுங்கள். மண் ஒளிந்திருப்பது அந்த இடுக்குகளில்தான்.

கால் கிலோ இஞ்சியைத் தோல் சீவி, சிறு துண்டாக நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மிக்ஸியில் நன்றாக அரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் பிழியுங்கள். சக்கையை எறிந்துவிடாதீர்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதுதான் மிக முக்கியமான கட்டம். பிழிந்த சாற்றை உடனே அடுப்பில் ஏற்றக்கூடாது. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். கலங்கலாக இருந்த சாறு மெல்ல மெல்ல இரண்டாகப் பிரியும். மேலே தெளிந்த மஞ்சள் நீர். அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு படிவு. பாத்திரத்தைச் சாய்த்தாலும் அந்த வெள்ளை சட்டென்று நகராது, அடியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறக்கும். நம் பெரியவர்கள் இதை இஞ்சிச் சுண்ணாம்பு என்பார்கள். நஞ்சு, வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லி அகற்றச் சொல்வார்கள். உண்மையில் அது சுண்ணாம்பும் இல்லை, நஞ்சும் இல்லை, இஞ்சியின் மாவுச்சத்துதான். ஆனால் அகற்றச் சொன்னது முழுக்கச் சரி. அந்த மாவு சூட்டில் கஞ்சியாகும், அடிபிடிக்கும், பாகு கலங்கிக் கொழகொழக்கும். காய்ச்சிய பிறகு எத்தனை முறை வடிகட்டினாலும் அந்தக் கலங்கல் போகாது. எனவே தெளிவை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்துக்கு இறுத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு கரண்டிச் சாறு மாவோடு போனாலும் போகட்டும்.

அடுத்து அடுப்பு. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். இஞ்சி காயும்போது அதில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகால் என்பதாக மாறுகிறது. அதற்குக் காரம் இன்னும் அதிகம். சுக்கு தொண்டையில் சுள்ளென்று பிடிப்பது அதனால்தான். வேகவைக்கும்போதோ ஜிஞ்சரால் இன்னொரு வழியாகவும் மாறும். அப்போது வருவது ஜிஞ்சரோன். காரம் தணிந்து, இனிப்பு கலந்த ஒரு மணம் அதற்கு உண்டு. அதோடு, இஞ்சிக்கு மணம் தருகிற எண்ணெய்கள் ஆவியோடு பறந்துவிடக்கூடியவை. ஆகையால் நேரம் போவது தெரியாமல் கொதிக்கவிட்டால் இனிப்பு மிஞ்சும், இஞ்சி போய்விடும்.

தெளிந்த சாறு ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு, டம்ளர் கணக்கிலேயே அளக்கலாம். அடி கனமான பாத்திரத்தில், சிறு தீயில், சர்க்கரை முழுக்கக் கரையும் வரை கிளறுங்கள். கரைந்தபின் தீயைக் கூட்டி ஐந்தாறு நிமிடம் கொதித்தால் போதும். மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்துவிடுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே தொட்டுப் பார்த்தால் பிசுபிசுக்கவேண்டும், கம்பி இழுக்கக்கூடாது. இந்தப் பாகை அது வரை விட்டால் பாட்டிலின் அடியில் கற்கண்டாக உறைந்துவிடும். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள் 104 டிகிரி செல்சியஸில் இறக்கலாம். அந்தப் பதத்தில் பாகில் நூற்றுக்கு ஏறக்குறைய 65 பங்கு சர்க்கரை இருக்கும். அந்த அடர்த்திதான் அதை எளிதில் கெடாமல் காப்பது. சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போட்டால் மணம் வேறு விதமாக, ஆழமாக இருக்கும். அதைக் கொஞ்சம் தண்ணீரில் தனியே கரைத்து, மண் வடிகட்டிய பிறகே சாற்றோடு சேர்க்கவேண்டும். பதம் பிடிபடுவது கடினம், சீக்கிரம் பயன்படுத்தியும் விடவேண்டும். ஆகவே சிறிய அளவில் செய்யுங்கள்.

இறக்கும்போது எலுமிச்சை பிழியலாமா என்று ஒரு கேள்வி வரும். பிழிந்தால் சர்க்கரை உறையாது, சர்பத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பாகைப் பாலில் விட்டால் பால் திரிந்துபோகும். வீட்டில் டீக்கும் வேண்டுமென்றால் ஒரு பாட்டிலை எலுமிச்சை இல்லாமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இஞ்சி டீ போடும்போது பால் திரிந்துவிட்டதே என்று பாலைக் குறை சொல்பவர்கள் உண்டு. பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அது பாலையும் உறையவைக்கும். சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் அந்தக் குணத்தையே வைத்து, சூடான பாலை இஞ்சிச் சாற்றின் மேல் ஊற்றி, கட்டித் தயிர் போன்ற ஒரு இனிப்புச் செய்கிறார்கள். கொதித்த பாகில் அந்த நொதி செயலிழந்துவிடுவதால், எலுமிச்சை சேராத இஞ்சிப் பாகை டீயில் கவலையில்லாமல் கலக்கலாம்.

பாட்டிலை வெந்நீரில் கொதிக்கவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போதே மூடினால் மூடியின் உட்புறம் ஆவி வேர்த்துச் சொட்டும். அந்தத் தண்ணீர் பாகின் மேற்பரப்பை நீர்க்கச் செய்யும். பூஞ்சை முதலில் பிடிப்பது அந்த மேல்பரப்பில்தான். துணியால் மூடி ஆறவிட்டு, பிறகு மூடியைத் திருகுங்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு மாதம் நன்றாக இருக்கும். ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

பயன்படுத்தும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது நுங்கோடு சேர்ப்பது. பங்குனி, சித்திரையில் இளம் நுங்கைத் தோலெடுத்து மசித்து, ஒரு தேக்கரண்டி இஞ்சிப் பாகும் பானைத் தண்ணீரும் விட்டுப் பாருங்கள். நன்னாரி சர்பத்தில் நுங்கு போட்டுக் குடித்திருப்பீர்கள். இதில் அந்தக் குளிர்ச்சிக்குப் பின்னால் மெல்ல ஒரு உறைப்பு ஏறும். எலுமிச்சை, உப்பு, சோடா சேர்த்தால் ஜிஞ்சர் சோடா தயார். இலங்கையில் விரும்பிக் குடிக்கும் ஜிஞ்சர் பீர் பழைய முறையில் ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவைத்துச் செய்வது. அந்தக் காத்திருப்பெல்லாம் பாகுக்குத் தேவையில்லை. மலைப்பாதைப் பேருந்துப் பயணத்தில் குமட்டல் வருபவர்களுக்கு, பேருந்து நிலையத்தில் கூவி விற்கும் இஞ்சி மொரப்பாவுக்குப் பதில், வெறும் தண்ணீரில் கொஞ்சம் பாகு கலந்து கையில் கொடுத்து அனுப்பலாம்.

சர்க்கரைக் கணக்கையும் மறக்கவேண்டாம். ஒரு தேக்கரண்டிப் பாகில் 4 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டியில் 13 கிராம். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு இப்படிச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிய ஒரே டம்ளர் சர்பத் அந்த நாளின் கணக்கை முடித்துவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பாகு வேண்டாம், தெளிந்த இஞ்சிச் சாற்றை மோரில் விட்டுக் கொடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் இஞ்சி எடுக்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஒதுக்கி வைத்த சக்கை இருக்கிறதே, அதில் இன்னும் காரம் மிச்சமிருக்கும். அன்றைக்கே புளி, மிளகாய், உளுத்தம்பருப்பு வறுத்து வைத்துத் துவையல் அரையுங்கள். நார் தட்டுப்பட்டால் ஒரு பிடியை ரசம் கொதிக்கும்போது துணியில் முடிந்து போட்டு, இறக்கும்போது எடுத்துவிடுங்கள்.