ஏன் புகாரைத் திரும்ப வாங்கினாள்?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் உங்க குழு உறுப்பினர் ஒருத்தரோட மகள். குற்றவியலில் பட்டம் முடித்துவிட்டு, இப்போது மூன்று வருட சட்டப் படிப்பு படிக்கிறேன். முதல் வருடக் கட்டணம் குழுக் கடனில்தான் கட்டினோம். "கிரிமினாலஜின்னா என்னம்மா, போலீஸ் வேலைக்கா?" என்று பல பேர் கேட்டீங்க. அதற்குப் பதில் சொல்கிறேன்.

நடந்தது குற்றமா, எந்தப் பிரிவு, என்ன தண்டனை என்று பார்ப்பது சட்டம். அது ஏன் நடந்தது, பாதிக்கப்பட்டவங்க நிலைமை என்ன, மறுபடி நடக்காம இருக்க என்ன செய்யணும் என்று கேட்பது குற்றவியல்.

ஒரு உதாரணம் சொல்றேன். புருஷன் அடிக்கிறான் என்று ஒருத்தி ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறாள். பத்து நாளில் அவளே போய்த் திரும்ப வாங்கிக்கிறாள். "எவ்வளவு அடி வாங்கினாலும் அவளுக்குப் புத்தி வராது" என்று நாம பேசுவோம். நானும் அப்படிப் பேசினவள்தான். குற்றவியல் வகுப்பில்தான் வேறு மாதிரி கேட்கக் கற்றுக்கொண்டேன். புகாரை வாங்காவிட்டால் அன்று ராத்திரி அவள் எங்கே படுப்பாள்? பிள்ளைங்க சோத்துக்கு யார் தருவாங்க?

காரணம் தெரிந்தால் மட்டும் போதாது, அதற்கு வழி சட்டத்தில் இருக்கு. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, வீடு யார் பேரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் அவளை வெளியே தள்ள முடியாது. அந்த வீட்டிலேயே இருக்கவும், செலவுக்குப் பணம் தரவும் மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். மனு போடப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அவசரம் என்றால் 181.

பயம் எதனால் என்று ஒரு படிப்பு காட்டிச்சு. அந்தப் பயத்துக்கு மருந்து எங்கே என்று இன்னொரு படிப்பு காட்டிச்சு. அதனாலதான் ரெண்டையும் படிக்கிறேன்.

உங்க பிள்ளைங்களுக்கும் ஆசை இருந்தால் ஒன்றைக் கவனிங்க. சட்டப் பட்டத்தோடு வேறொரு ரெகுலர் பட்டத்தைத் தனியாக ஒரே நேரத்தில் படிக்க பார் கவுன்சில் விதி இடம் கொடுக்காது. "ரெண்டும் ஒண்ணாவே முடிச்சுத் தர்றோம்" என்று யாராவது பணம் கேட்டால் ஏமாறாதீங்க. ஒன்றை முடித்து மற்றொன்று படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கு.

கடைசியா ஒரு வேண்டுகோள். நம்ம குழுவில் ஒருத்தி புகாரைத் திரும்ப வாங்கினால், "ஏன்டி வாங்கினே?" என்று திட்டாதீங்க. "இன்னிக்கு ராத்திரி எங்கேம்மா தங்குவே?" என்று கேளுங்க.