மூட்டைப்பூச்சியை ஒழிக்க லயமே ஒன்றுபட வேண்டும்

(தோட்டக் கிளைச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், மருத்துவ விடுப்பு பற்றிப் பேசும் மேடையில் மூட்டைப்பூச்சியைப் பற்றியும் பேச வேண்டுமா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். இரவெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்தவர் விடியுமுன் பிரட்டுக்கு எப்படி வருவார்? கண் எரிய, கை தளர வெட்டினால் கத்தி பட்டையைத் தாண்டுகிறது. மரத்தில் காயம் விழுகிறது. மண்டோரிடம் ஏச்சு கிடைக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடத்து மேசையில் தலை சாய்த்துத் தூங்குகிறது. உழைப்பவனுக்கு இரவுத் தூக்கம் கூலியைப் போலவே தேவை. அதைத் திருடுகிற பூச்சியைப் பற்றிப் பேசச் சங்கத்தைத் தவிர வேறு இடம் ஏது?

வெட்கம் வேண்டாம்

மூட்டைப்பூச்சி இருந்தால் அது அழுக்கு வீடு என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. மூட்டைப்பூச்சிக்கு உணவு அழுக்கல்ல, இரத்தம். மனிதன் படுக்கும் இடமெல்லாம் அதற்குச் சோற்றுப் பானைதான். பெரிய ஓட்டல்களிலும் அது உண்டு. பழைய மெத்தையிலும், பயணப் பெட்டியிலும், பையின் மடிப்பிலும் ஏறி வருகிறது. அதற்கு இறக்கையும் இல்லை, தாவவும் தெரியாது. நாமே சுமந்து வருகிறோம்.

புதிதாக வந்த வங்காளதேசத் தோழர்களோ இந்தோனேசியத் தோழர்களோ கொண்டுவந்தார்கள் என்று பழி போடுவதையும் கேட்கிறோம். அவர்களும் நம்மைப் போலவே கடிபடுகிறவர்கள். அக்கம்பக்கத்தார் ஏளனம் செய்வார்கள் என்று ஒரு குடும்பம் மூடி மறைத்தால், பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்.

இந்தப் பூச்சி மனிதருக்கு நோயைப் பரப்புவதாக இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே பீதி வேண்டாம். ஆனால் தூக்கம் கெடும். சொறிந்த இடம் புண்ணாகும். அலட்சியமும் வேண்டாம்.

விஷம் வேண்டாம்

தோட்டத்தில் களைக்கு அடிக்கும் மருந்தைப் போத்தலில் ஊற்றி வந்து கட்டிலில் தெளிப்பவர்கள் உண்டு. தோழர்களே, இதை மட்டும் செய்யாதீர்கள்! அது களையைக் கொல்லச் செய்த விஷம். குழந்தை படுக்கும் பலகையில் அதை ஊற்றலாமா? நெடுங்காலம் நம் தோட்டங்களில் புழங்கிய பாராகுவாட் 2020 சனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டது. அதன் கொடுமையை நாம் அறிவோம். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டாம். பலகை வீட்டில் ஒரு தீக்குச்சி போதும், லயமே எரிந்துவிடும்.

டிடிடி மருந்து வந்தபோது மூட்டைப்பூச்சியின் கதை முடிந்தது என்றார்கள். 1947-லேயே ஹவாய்த் தீவில் பேர்ள் ஹார்பர் முகாமில் அந்த மருந்துக்குச் சாகாத பூச்சி தென்பட்டது. 1960-இல் நம் மலாயாவிலும் டிடிடிக்கும் டீல்ட்ரினுக்கும் அடங்காத மூட்டைப்பூச்சி பதிவாயிற்று. இன்று கடையில் விற்கும் கொசு மருந்துகளில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை. அதையும் நம் நாட்டுப் பூச்சி தாங்கப் பழகிவிட்டது. அடித்தால் சில சாகும். மற்றவை பலகை இடுக்கு வழியே அடுத்த வீட்டுக்கு ஓடும். காசும் போகும், பகையும் வளரும்.

சூடுதான் மருந்து

எந்த மருந்துக்கும் அடங்காத பூச்சி சூட்டுக்கு அடங்கும். 50 டிகிரிக்கு மேற்பட்ட சூடு உள்ளே வரை ஏறினால் பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். கொதிநீரின் சூடு 100 டிகிரி. அடுப்பும் பானையும் இல்லாத வீடு உண்டா?

முதலில் பூச்சியைக் கண்டுபிடியுங்கள். விடியுமுன் மரம் வெட்டப் போகும்போது தலையில் கட்டுகிற விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தைத் தையல், கட்டில் மூட்டு, பலகைச் சுவரின் வெடிப்பு, நாட்காட்டியின் பின்புறம், சாமி படச் சட்டம், நாற்காலியின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். கருப்புப் புள்ளிகள், உரித்த தோல், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளை முட்டை, இவையே அடையாளம்.

துணிமணி, போர்வை, தலையணை உறை, கொசுவலை எல்லாவற்றையும் அந்த அறையிலேயே பையில் கட்டி வெளியே கொண்டுபோங்கள். உதறிக்கொண்டே போனால் வழியெல்லாம் விதைத்ததாகும். 60 டிகிரிச் சூட்டு நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். காய்ந்ததை வேறு சுத்தமான பையில் கட்டி வையுங்கள்.

கட்டிலைக் கழற்றி வெளியே போட்டு, மூட்டுகளிலும் திருகாணித் துளைகளிலும் கொதிநீரை மெதுவாக ஊற்றுங்கள். பிள்ளைகளை அப்போது அருகில் விடாதீர்கள். சுவர் வெடிப்பில் ஊற்றும்போது மின்கம்பியும் சுவிட்சும் உள்ள பக்கத்தைத் தொடவே கூடாது.

மெத்தையை வெயிலில் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. மேல்பக்கம் சுடும்போது பூச்சி அடிப்பக்கத்து நிழலுக்கு இறங்கிவிடும். இலவம்பஞ்சுக்குள் சூடு இறங்குவதும் கடினம். தையல் வரிசையில் ஈரத்துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேயுங்கள். பிறகு கெட்டித் துணியில் உறை தைத்து, நான்கு பக்கமும் மூடிவிடுங்கள். உள்ளே அகப்பட்டது பட்டினியில் சாகும். மாதக்கணக்கில் பட்டினி தாங்கும் பூச்சி இது. ஆகவே ஓர் ஆண்டு உறையைப் பிரிக்க வேண்டாம்.

சுத்தம் செய்த கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள். நான்கு காலுக்கும் காலி சாடின் டின் வைத்துச் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். குளிர்நாட்டு மூட்டைப்பூச்சி வழுவழுப்பான கிண்ணத்தில் ஏற முடியாமல் விழும். நம் வெப்பநாட்டு வகையோ ஏறிவிடும். ஆகவே தண்ணீர் அவசியம். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். மூட்டைப்பூச்சியைத் துரத்தப் போய் ஏடிஸ் கொசுவை வளர்க்கக் கூடாது அல்லவா?

கடி தாங்காமல் அடுத்த அறையிலோ அண்ணன் வீட்டிலோ போய்ப் படுக்காதீர்கள். பூச்சியும் உடன் வரும். உதவாத மெத்தையை லயத்துக்குப் பின்னால் போடுவதானால் கத்தியால் கிழித்துப் போடுங்கள். இன்னொரு ஏழை அதை நல்லதென்று நினைத்து எடுத்துப் போகக்கூடாது.

ஒரே நாளில் எல்லா வீடும்

நம் லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். ஒரு வீட்டில் அக்கா நாள் முழுதும் வெந்நீர் ஊற்றினாலும், மறுபக்கத்தில் இருப்பது மறுவாரம் வந்துவிடும். தனி ஆளாகச் சம்பளம் கேட்டவன் கதைதான் இதுவும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை லயம் முழுதும் ஒன்றாக இறங்க வேண்டும். தோழர்களின் விடுதியும் சேர வேண்டும். வயதானவர்கள் வீட்டுக் கட்டிலை இளைஞர்கள் தூக்கித் தர வேண்டும். விறகும் பானையும் பொதுவில் இருக்கட்டும்.

ஒரு நாளோடு முடியாது. தப்பிய முட்டை நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிக்கும். குஞ்சு ஐந்து முறை தோல் உரித்து, ஒவ்வொரு முறைக்கும் இரத்தம் குடித்தால்தான் முட்டையிடும் பருவத்தை அடையும். அதற்குள் அதைப் பிடித்துவிட வேண்டும். ஆகவே வாரம் ஒருமுறை, ஆறு வாரம் விடாமல் பார்க்க வேண்டும். பிறகும் பயணம் போய் வந்தால் பெட்டியை வாசலிலேயே பிரித்துப் பாருங்கள்.

நிர்வாகத்தின் பங்கு

வெந்நீர் நம் வேலை. வெடித்த பலகையை மாற்றுவதும் இடுக்கை அடைப்பதும் நிர்வாகத்தின் வேலை. தொழிலாளர் குடியிருப்பை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் சொல்கிறது. 2019-இல் அது திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்கு வெளியிலுள்ள தொழிலாளருக்கும் விரிந்தது. இது சலுகையல்ல, உரிமை. எந்த வீட்டில் எந்தப் பலகை பழுது என்று எண்ணிச் சொல்லுங்கள். பட்டியல் போட்டுக் கடிதம் எழுதுவதைக் கிராணிமாராகிய நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதுவோம்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு முதல் லயத்தில் அடுப்பு மூட்டலாமா? சம்மதமுள்ளவர்கள் கை தூக்குங்கள். கை தூக்கிய ஒவ்வொருவரும் இன்று மாலையே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிடுங்கள். வராத வீடு ஒன்று இருந்தாலும் பூச்சிக்கு அது போதும்.