புயற்கூண்டு ஏற்றாத புயல்



இராயபுரத்தில் வளர்ந்த எனக்கு இளமையில் புயல் என்றால் ஒரே பொருள்தான்: துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், காசிமேட்டுப் படகுகள் கரை சேரும். கூண்டு ஏற்றப்படாத புயலும் உண்டு என்பதைக் கல்லூரியில்தான் கற்றேன். கதிரவனிலிருந்து வீசும் மின்துகள்கள் பூமியின் காந்தப் புலத்தைக் கலக்கும்போது எழுவது காந்தப் புயல். அலை உயராது, மரம் சாயாது. நுண்கருவியின் காந்த ஊசி மட்டும் நடுங்கும். ஆயினும் அதன் வலிமை சிறிதன்று. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தை ஏறத்தாழ 9 மணி நேரம் இருளில் ஆழ்த்தியது அத்தகைய புயலே.

நாம் மூச்சுவிடும் காற்றின் மின்சாரத்தையும் அது மாற்றுமா?

காற்றில் மின்சாரமா என்று வியக்க வேண்டா. தெளிந்த நாளிலும், திறந்த வெளியில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயர்ந்தால் மின்னழுத்தம் சுமார் 100 வோல்ட்டு கூடுகிறது. காற்று மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்துவதால் நமக்கு அதிர்ச்சி உண்டாவதில்லை. உலகெங்கும் எழும் இடிமேகங்கள், மேலேயுள்ள அயனி மண்டலத்தைத் தரையைவிடச் சுமார் 2,50,000 வோல்ட்டு உயர்வில் வைத்திருக்கின்றன. அதன் விளைவே இது.

துருவப் பகுதியிலோ மற்றொரு காரணமும் சேர்கிறது. அங்குக் காந்த விசைக்கோடுகள் ஏறக்குறையச் செங்குத்தாக வானை நோக்கி எழுகின்றன. கதிரவக் காற்று உண்டாக்கும் மின்னழுத்தம் அக்கோடுகளின் வழியே அயனி மண்டலத்தை அடைகிறது. விடியற் பக்கத்தில் அழுத்தம் கூடும். அந்திப் பக்கத்தில் குறையும். காந்தப் புயலின்போது இவ்விரு பக்கங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு லட்சம் வோல்ட்டையும் தாண்டும். அதற்கேற்ப, கீழே தரையருகிலும் மின்புலம் ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்கிறது.

இதை எண்ணூரில் அளக்க இயலுமா? இயலாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம் என்பது ஒரு காரணம். புகையும் தூசியும் கடல் உப்பும் காற்றிலுள்ள அயனிகளைப் பற்றிக்கொண்டு மின்புலத்தைத் தம் விருப்பம்போல் மாற்றிவிடுகின்றன என்பது மற்றொன்று. ஆகவேதான் 1989-இல் அண்டார்க்டிக்காவில் இந்தியா நிறுவிய மைத்ரி நிலையத்தில், திருநெல்வேலி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவன அறிஞர்கள் இதனை அளந்தனர். அங்குப் புகையில்லை, இடிமேகம் இல்லை. பனிக்காற்று வீசும் நாள்களை மட்டும் தள்ளிவிட வேண்டும். பறக்கும் பனித்துகளும் மின்னேற்றம் தாங்கும்.

அருகிலுள்ள காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிய பிறகே தொலைவிலுள்ள காரணத்தைப் பற்றிப் பேசலாம். நீங்கள் எந்த ஆய்வுக்கூடத்திற்குச் சென்றாலும் இவ்வொழுக்கத்தை உடன் கொண்டு செல்லுங்கள்.