இடாப்பில் அகப்படாத பெயர்



நல்லூரிலே உள்ள ஒரு பாடசாலைக்கு, அங்கே கற்றுப் பிறநாட்டில் வாழும் ஒருவர் விடுகைப் பத்திரம் கேட்டு எழுதுகிறார் என்று கொள்வோம். முன்னாளில் எழுதுநர் சேர்விடாப்பைப் புரட்டுவார். இன்று அவ்விடாப்பு எக்செல் விரிதாளாகியிருப்பின், ‘மாக்ரோ’ என்னும் கட்டளைத் தொடர் பெயர் நிரலைத் தேடும். பெயர் அகப்படாதவிடத்து, 91 என்னும் வழுவெண்ணைக் காட்டி நின்றுவிடும்.

பெயர் கண்ணெதிரே இருக்கவும் அகப்படாதது ஏன்? நம் நாட்டிற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவை நோக்குவோம். அதிலே பொறித்த பெயர் நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கோ ஆங்கில எழுத்துகளின் கோவை. யூனிக்கோட்டில் எழுதிய அதே பெயர் அதனோடு பொருந்துவது எங்ஙனம்? நிரல் முழுவதையும் யூனிக்கோட்டுக்கு மாற்றிய பின்னரே தேடல் வேண்டும்.

அடையாள அட்டை எண்ணிலும் இடர் உண்டு. பழைய எண் ஒன்பது இலக்கங்களோடு வீ அல்லது எக்ஸ் எழுத்தும் உடையது. 2016 முதல் வழங்கும் எண்ணில் 12 இலக்கங்களே உள. எக்செல் இதனைத் தொகையெனக் கருதி, அடுக்குக்குறியிற் சுருக்கிக் காட்டும். கலத்தில் தோன்றுவதைத் தேடும் மாக்ரோவுக்கு அஃது அகப்படாது. எண்களை இடுமுன்பே நிரலை எழுத்து வடிவினதாக அமைத்தல் வேண்டும். பின்னர் அமைப்போர் எண்களை மீண்டும் இடுதல் வேண்டும்.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. வழு நேரினும் மேற்செல்க எனப் பணிக்கும் ‘ஆன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்’ என்னும் கட்டளையைச் சிலர் எளிதாகச் சேர்த்துவிடுகின்றனர். வழுச்செய்தி மறைகிறது, முன்னைய தேடலின் நிரையெண்ணோ அப்படியே எஞ்சுகிறது. விளைவு, ஒருவர் பத்திரத்தில் இன்னொருவர் பிறந்த திகதி! அந்த 91 எவ்வளவோ மேலானது என்பேன்.

தேடலின் விடை ‘நத்திங்’ எனும் வெறுமையா என்று மாக்ரோ முதலில் வினவுதல் வேண்டும். அன்றாயின் மட்டுமே நிரையை நாடலாம். முழுப்பெயர் பொருந்தவேண்டுமா, பகுதி போதுமா என்பதையும் ஒவ்வொரு தேடலிலும் வெளிப்படக் குறித்தல் வேண்டும். குறியாவிடின், எக்செல் முந்தைய தேடலின் ஏற்பாட்டையே பின்பற்றும். முருகேசுவைத் தேடினால் முருகேசுப்பிள்ளை வந்து நிற்பார்.

வெறுமையே விடையாயின், எழுதுநர் அலுமாரியிலுள்ள மூல இடாப்பை எடுத்துப் பார்க்கட்டும். ‘தங்கள் பெயர் இங்கில்லை’ என்னும் கடிதத்தை அதன் பின்னர் எழுதலாம்.